அக்கா கேட்ட ஞாயிற்றுக்கிழமை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், எங்கள் கோயில் பங்கு மக்களுக்கும், அக்காவோடு சண்டை போட்டுப் பிறகு சமாதானம் ஆனவர்களுக்கும், இன்னும் சமாதானம் ஆகாதவர்களுக்கும் என் வணக்கம். அக்கா இறைவனிடம் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி பிரான்சிலிருந்து அண்ணன் தொலைபேசியில் சொன்னார். ‘பொறுமையின் சிகரம்’ என்று தொடங்கினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அண்ணன் டிசம்பரில் மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போகிறவர். அவர் அப்படி எழுதலாம். என் கணவர் காலமான நாள் முதல் அக்காவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள் நான். என்னால் முடியாது.

அக்கா பிடித்த பிடியை விடாதவர். யார் வீட்டு விஷயம் என்று பார்க்காமல் மூக்கை நுழைப்பவர். அவரால் எனக்கு வந்த தலைவலிக்கு அளவே கிடையாது. நல்லவர் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

அக்கா பிறந்தது சைகோனில். அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, சாதாரணச் சிப்பாயாக இருந்தார். மூன்று வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து கப்பலில் புதுச்சேரிக்கு வந்தவர் அக்கா. அந்தப் பயணம் அவருக்குத் துளியும் நினைவில்லை. ஆனாலும் கப்பலில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாடு, சொல்தாக்களின் பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு என்று அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, அறுபது வயது வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார். அந்தக் கப்பல் கம்பெனி இப்போது இருக்கிறதா இல்லையா என்று கூட யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா காலமானார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அப்பா பென்ஷனை வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனைப் படிக்க வைத்ததும், எனக்குத் தலை வாரிவிட்டதும், பிறகு என்னைக் கட்டிக் கொடுத்ததும் அக்காதான். தட்டச்சுப் படித்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அதே நாற்காலி. அவருக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாயா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். உங்கள் மகன் விட்டுவிடுவாரா என்று அக்கா திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த மாப்பிள்ளையைத் தேட அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

ஓய்வு பெற்றதும் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்தேன். அலுவலகத் தட்டச்சுப் பொறி போனதும் சொந்தமாக ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்துக்கொண்டார். பங்கில் யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதற்கு அடுத்துச் சுனாமி வந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்தவர்களும், பக்கத்துத் தெருவில் இருக்கும் புரோட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர்களும் அப்போதுதான் முதன்முதலாக ஒரே வேனில் ஏறினார்கள். பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்கு அரிசியும் பாயும் பாத்திரமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மாதம் அப்படி ஓடியது. பிறகு, சேர்ந்தது சேர்ந்ததாகவே இருக்கட்டும், ஏழை எளியவர்களுக்கு நியாயம் கிடைக்கப் பாடுபடுவோம் என்று பேசி ‘நீதிக் குழு’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்துவான் ஐயா தலைவர். சபையிலிருந்து எஸ்தர் டீச்சர் துணைத் தலைவர். செயலாளர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் கூட்டம் நடக்கும். செபத்தோடு தொடங்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே மனம். எந்தச் செபம் என்பதில்தான் யாரும் இறங்கி வரமாட்டார்கள். எங்கள் ஆட்கள் செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்ல வேண்டும் என்பார்கள். சபைக்காரர்கள் ஒரு பாட்டு பாடி, கண்ணை மூடி, மனத்தில் வந்ததைச் சொல்லி செபிப்பார்கள். எஸ்தர் டீச்சருக்கு மனத்தில் வருவது நிறைய. அவர் ஆமென் சொல்வதற்குள் தேநீர் இரண்டு தடவை சூடாக்கப்படும். அந்தத் தேநீரைப் போட்டு, தட்டில் வைத்து, எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்த சகாயமேரி. அவரும் எங்கள் பங்குதான். வாணரப்பேட்டையில் இருந்து நடந்தே வருவார். எங்களையும் சேர்த்து ஐந்து வீட்டில் வேலை. நீதியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிய அந்தக் கூட்டங்களில் அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். காலையில் ரொட்டியும் காப்பியும். எட்டு மணிப் பூசை. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வடகம் தாளித்த கறிக்குழம்பு வாசம் வர வேண்டும். பதினோரு மணிக்கு யாராவது விருந்துக்கு வருவார்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். மாலையில் பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருக்கும். நாங்கள் கோயிலில் முழந்தாளிட்டிருந்த நேரத்தில் குழம்பைத் தாளித்தது யார் என்று யாரும் யோசித்தது கிடையாது.

அந்தச் சமயத்தில் பங்கில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஞாயிறு திருப்பலிக்குத் தொடர்ந்து வராத குடும்பங்களை பங்கின் தெருக் குழுவான அன்பியம் ஒவ்வொன்றிலும் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பங்கிலிருந்து கடிதம் எதுவும் தரமாட்டார்கள். எங்கள் நான்கு தெருவுக்கும் வாணரப்பேட்டையில் ஒரு பகுதிக்கும் சேர்த்து ஒரே அன்பியம். அதற்கும் அக்காதான் தலைவி. தெருவுக்குத் தெரு விசாரித்து, பெயர்களைக் கையால் குறித்துக்கொண்டு வந்து, ஒரு வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். சகாயமேரி தரையைக் கூட்டிக்கொண்டே வந்து, ‘காலத் தூக்குங்க பெரியம்மா’ என்றார். அக்கா காலைத் தூக்கிக்கொண்டார், தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. ‘சகாயமேரி, வாணரப்பேட்டை’ என்று அடித்த நேரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது நம் வீட்டுச் சகாயம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பதினொரு பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அதைக் கோயில் பலகையில் ஒட்டிவிட்டு வந்து மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சகாயமேரி வேலைக்கு வந்து, துடைப்பத்தை எடுக்காமல் நின்றார். அவருடைய மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவர் வேறு பங்கு. அங்கே கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமென்றால் எங்கள் பங்கிலிருந்து கடிதம் போக வேண்டும். கடிதம் கேட்கப் போன இடத்தில், உன் குடும்பம் பட்டியலில் இருக்கிறது, தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது போல என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

‘நீ பூசைக்கு வராம இருந்தா என்ன பண்றது சகாயம்?’ என்று அக்கா கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

‘எட்டு மணிக்கு நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா பெரியம்மா? உங்க அடுப்படியிலதான நிக்கிறேன்.’

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காலையில் ஐந்தரைக்கு ஒரு பூசை இருக்கிறதே, மாலையில் ஆறு மணிக்கும் இருக்கிறதே என்று கேட்டேன்.

‘அஞ்சரைக்கு மிசியே வூட்ல பால் காய்ச்சணும் சின்னம்மா. ஆறு மணிக்கு உங்க பாத்திரத்தத்தான் தேச்சிக்கினு இருக்கேன்.’

மிசியே என்று அவர் சொன்னது அந்துவான் ஐயாவை. நீதிக் குழுத் தலைவர்.

  அக்கா எழுந்து போய்ப் பட்டியலின் நகலை எடுத்து, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துச் சகாயமேரியிடம் கேட்டார். பதினொரு பேரில் ஒன்பது பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். யார் யார் எந்த வீட்டில் என்றும் சகாயமேரி சொன்னார். எல்லாமே எட்டு மணிப் பூசையில் முன்வரிசையில் உட்காருகிற வீடுகள்.

அக்கா அப்படியே வீட்டுப் புடவையோடு கோயிலுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன், ஏனென்றால் இவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். பங்குத் தந்தை பொறுமையாகத்தான் கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்ததே நீங்கள்தானே என்றும் நினைவூட்டினார்.

‘ஆமா சாமி, நான்தான் அடிச்சேன். அவ பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க. அவளை வரவிடாம அடுப்படியில நிறுத்தி வெச்சது நான்தான்’ என்றார் அக்கா.

சாமியார் அன்றே கடிதத்தைக் கொடுத்தார். பட்டியலும் மறு வாரம் பலகையிலிருந்து போனது. ஜெனிட்டாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சகாயமேரி எங்களுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு இதோடு முடிந்தது என்று தோன்றியது. சாதாரண மனிதர்களுக்கு அதோடு முடிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்கா தீர்மானம் கொண்டுவந்தார். குழுவில் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு முழுநாள் விடுமுறை கொடுக்க வேண்டும், சம்பளம் குறைக்கக் கூடாது. கூடத்தில் இருந்த சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே விருந்தாளிகள் வருகிறார்கள், வேண்டுமானால் புதன்கிழமை கொடுக்கலாமே என்றார் ஒருவர். புதன்கிழமை பாதிரியார் பூசை வைத்தால் கொடுக்கலாம் என்றார் அக்கா. அந்துவான் ஐயா, பட்டாளத்தில் பதினைந்து ஆண்டு இருந்தவன் நான், எனக்கே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்ததில்லை என்றார். எஸ்தர் டீச்சர், எங்கள் சபையில் ஆராதனை ஒன்பது மணிக்கு, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா இந்து, அவருக்கும் இது பொருந்துமா என்று கேட்டார். அக்கா, இந்துவுக்கு இடுப்பு வலிக்காதா டீச்சர் என்றார். அதற்குப் பிறகு டீச்சர் அக்கா பக்கம் வந்துவிட்டார். வந்தவர் கடைசி வரை மாறவில்லை. அதற்காக அவர் செபத்தின் நீளத்தை நான் மன்னித்தேன்.

உறுதிமொழிப் படிவம் தட்டச்சு ஆனது. முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் கையெழுத்துப் போட்டன. கையெழுத்து வாங்க அக்கா வெயிலில் கால் கடுக்க நடந்தார். ஒரு மாதம் கழித்து, நடந்ததைக் கொண்டாட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு விழா. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பொன்னாடை. எல்லோருக்கும் பிரியாணி. இரண்டு கோயில் பாடகர் குழுவும் பாடும். சாமியாரும் சபையின் போதகரும் ஒரே மேடையில் உட்காருவார்கள்.

இனி எழுதுவதை அக்காவின் மனம் நோகாமல் எழுத எனக்குத் தெரியவில்லை. விழா நன்றாகவே நடந்தது. போதகர் ஓய்வுநாளைப் பற்றி நெகிழ்ச்சியாகப் பேசினார். ஒவ்வொரு பெண்ணாக மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல். அப்புறம் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, அந்துவான் ஐயா அக்காவைப் பார்த்து, மதாம், விழா ரொம்ப ஜோர் என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே பட்டியலில் இருந்த அந்த ஒன்பது பெண்களும் உட்கார்ந்து பிரியாணி அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடையை மடித்து ஒரு பையில் போட்டு மரத்தில் மாட்டியிருந்தார்கள், அழுக்காகிவிடக் கூடாது என்று. விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து வெங்காயம் உரித்து, இறைச்சி கழுவிக் கொடுத்தவர்களும் அவர்களேதான். அன்று பூசைக்கு அவர்களில் ஒருவரும் போகவில்லை, போக நேரமில்லை. அவர்களை வரச் சொன்னது யார்? சனிக்கிழமை மாலை, ‘சகாயம், நாளைக்கு விழா இருக்குது, எல்லாரையும் கூட்டிக்கினு வெள்ளனவே வந்துடு’ என்று என் காது கேட்கச் சொன்னவர் அக்கா. எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஞாயிறு விடுமுறையைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை அவர்களை வேலைக்கு வரச்சொல்ல எங்களால்தான் முடியும்.

அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சகாயமேரியின் கையிலிருந்து தேங்காய் நாரைப் பிடுங்கினார். அவர் கொடுக்க மறுத்தார். இரண்டு பேரும் ஒரு நாருக்காக இழுத்துக்கொண்டார்கள். அக்கா அழுதுகொண்டே இழுத்தார். எனக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாமல், உள்ளே போய் அந்துவான் ஐயாவிடம், உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள் என்று கத்தினேன்.  அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். வந்து அண்டாவைப் பார்த்து, இதை எப்படித் தேய்ப்பது என்று கேட்டார். எழுபது வயதில் அவருக்கு அது தெரியவில்லை. சகாயமேரிதான் சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் குழுவின் எந்தச் சாப்பாட்டிலும் அண்டா கழுவுவது ஆண்கள் என்று வழக்கமானது. இன்றும் நடக்கிறது, சுத்தமாக இருக்காது.

அக்காவுக்கு அந்தப் படிவங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, தன் மேலும்தான். கையெழுத்தைப் பார்த்தால் போதாது, அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார். ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரமாட்டார். கையெழுத்துப் போட்ட வீடுகளில் ஏதாவது ஒன்றுக்குச் சும்மா பார்க்க வந்ததாகப் போவார். உள்ளே வேலை செய்பவர் இருந்தால், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பார். வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். முடித்துவிட்டுத்தான் எழுவார். அக்கா வருகிறார் என்று தெரிந்தால் வேலைக்காரப் பெண்ணைத் தோட்டத்து வாசல் வழியாக அனுப்பிய வீடுகளும் உண்டு. பெயர் எழுத வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. உங்கள் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும்.

என் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் என்னைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவருவேன். வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் சமையல் ஆகியிருக்காது. எனக்கு முழங்கால் வலி. அக்காவுக்குச் சமைக்கத் தெரியாது. நாற்பது ஆண்டு தட்டச்சு செய்த கை அரிவாள்மணையில் உட்கார்ந்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஒரு ஞாயிறு கோபத்தில், ஊர் ஞாயத்தை எல்லாம் சுமக்கிறாயே, இந்த வீட்டில் நானும் ஒரு வேலைக்காரிதானே, எனக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று கேட்டுவிட்டேன்.  மறு ஞாயிறு அக்காவே சாம்பார் வைத்தார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காலமானவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் எட்டு மணிப் பூசைக்குச் சகாயமேரி வர ஆரம்பித்தார். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டு, இடப்பக்கம் நான்காவது வரிசையில். முதலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவரை அக்காதான் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் பழைய ஆட்கள் சிலர் தள்ளி உட்கார்ந்ததையும் நான் பார்த்தேன், அதையும் எழுத வேண்டும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, காலியான இடத்தில் இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

சென்ற ஆண்டு கோடைக்கு முன் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து வாரம் இருந்தார். வார்டில் பல ஊர்களில் இருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் தரையில் படுத்திருந்தார்கள். அக்கா அவர்களுக்கு மனு எழுதித் தருவதாகச் சொல்லி நர்சுகளின் உயிரை வாங்கினார். வார நாட்களில் சகாயமேரியும் நானும் மாறி மாறிக் கூட இருந்தோம். ஞாயிறு மட்டும் சகாயம் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலியில் துடிக்கும்போதும் அதில் மாற்றமில்லை. நான் மட்டும் தனியாக இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். நான் கத்தினேன். அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் சாட்சி.

மூன்றாவது ஞாயிறு, பத்து மணிக்குச் சகாயமேரி வந்து நின்றார். அந்தப் பச்சைப் புடவை, கையில் செபமாலை. அக்கா அந்த நிலையிலும் முகத்தைச் சுளித்து, ‘இன்னைக்கு ஏன் வந்தே?’ என்று கேட்டார்.

‘வேலைக்கு வரல பெரியம்மா. பூசை முடிஞ்சுது, உங்களப் பார்க்க வந்தேன்.’

சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையணையைச் சரி செய்யவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார், யார் யார் வந்தார்கள், யார் தூங்கினார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று என்னைக் கூப்பிட்டு, வந்தவங்களுக்குக் காப்பி வாங்கிக் குடு என்று சொன்னார். நான் போய் வாங்கிவந்து சகாயமேரிக்குக் கொடுத்தேன். என் முழங்காலோடு இரண்டு மாடி இறங்கி ஏறினேன்.

அதற்குப் பின் இரண்டு வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அக்கா காலமானார். கடைசி எண்ணெய்ப் பூச்சான அவஸ்தைப்பூசுதல் வாங்கி, அமைதியாகவே போனார். பிரான்சிலிருந்து அண்ணன் வந்த பிறகு அடக்கம் நடந்தது. அக்காவின் பெட்டியைத் தூக்கியவர்களில் அந்துவான் ஐயாவும் ஒருவர். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை.

இனி எழுதுவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்டேன்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசையை, அண்ணன் திரும்பிப் போக வேண்டியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வைத்தோம். எட்டு மணிப் பூசை, பிறகு வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. காரைக்காலில் இருந்தும் கடலூரில் இருந்தும் உறவினர்கள் முந்திய நாளே வந்துவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டுப் பாத்திரமே குவிந்து கிடந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. சகாயமேரி வேலை முடிந்து கிளம்பும்போது, நான் அவரிடம், இந்த ஒரு ஞாயிறு மட்டும் காலையில் வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். ‘சரி சின்னம்மா’ என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அவர் ஆறு மணிக்கே வந்தார். பச்சைப் புடவையில் வந்தார். நான் அதைக் கவனிக்காமல், சோற்றை வடித்து வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரோடும் கோயிலுக்குப் போனேன். பூசையில் அக்காவின் பெயரைச் சொல்லி சாமியார் நீளமாகப் பேசினார். ஏழைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையை மீட்டுக் கொடுத்தவர் என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன். நான்காவது வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நான் எழுந்து போய்ச் சகாயமேரியைக் கூட்டிவரவில்லை. வீடு ஐந்து நிமிட நடைதான். இத்தனை பேர் நடுவில் எழுந்து போனால் என்ன நினைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். உங்களை எல்லாம் இவ்வளவு நேரம் திட்டினேனே, அதைவிட மோசமாகச் செய்தவள் நான். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். அக்காவும் அன்று விழாவில் தெரியாமல்தான் செய்தார். எனக்கு எல்லாம் தெரியும்.

வழக்கமாக இந்த இடத்தில் உதவியவர்களுக்கு நன்றி சொல்வார்கள். ஐந்து வாரம் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி, அவர் கொடுத்த தொல்லைக்கு மன்னிப்பு. பங்குத் தந்தைக்கும் போதகருக்கும் நன்றி. எஸ்தர் டீச்சருக்கும் அந்துவான் ஐயாவுக்கும், நீதிக் குழுவில் இன்னும் விடாமல் இருக்கும் குடும்பங்களுக்கும் நன்றி. பயணச் செலவு பார்க்காமல் வந்த அண்ணனுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் அடுப்படிக்குள் என் அக்காவை விட்ட வீடுகளுக்கும், விடாமல் கதவைச் சாத்திய வீடுகளுக்கும்கூட நன்றி, சாத்தினால் அவர் இன்னும் பிடிவாதமாகத் திரும்பி வருவார், அது அவருக்குப் பிடிக்கும்.

இந்த மலர் உங்களுக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பூசையும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. நான் வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. சாப்பாடு நானும் எஸ்தர் டீச்சரும் சனிக்கிழமையே செய்து வைக்கிறோம், ருசி முன்னே பின்னே இருக்கும். உங்கள் தட்டை நீங்களே கழுவி வையுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும்தான்.

சகாயமேரி, உங்களுக்குப் படிக்க வராது, ஜெனிட்டா இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். முப்பதாம் நாள் பூசையில் உங்கள் இடம் காலியாக இருந்ததற்கு நான்தான் காரணம். அன்று மாலை நீங்கள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனீர்கள். இந்த ஓராண்டில் உங்களிடம் இதை நேரில் சொல்ல எத்தனையோ திங்கட்கிழமை இருந்தது, எனக்கு வாய் வரவில்லை. என்னை மன்னியுங்கள். குடும்ப மலரில் இதைப் போட வேண்டாம், நாலு பேர் படிப்பார்கள் என்று அண்ணன் சொன்னார்.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் போட்டிருக்கிறேன்.